ஒரு வருஷம் மிச்சமிருக்கிற பிள்ளை

1

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. மற்ற இரண்டும் என் தங்கச்சியின் பிள்ளைகள். அவள் நோயில் விழுந்தபோது அவர்களைத் தூக்கிக்கொண்டு வந்து என் பிள்ளைகளோடு ஒரே பாயில் படுக்க வைத்தேன். பிறகு அவர்களைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பேரப்பிள்ளைகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் ஊரில் இருக்கிற நீங்கள் கிழவி பெருமை பேசுகிறாள் என்பீர்கள். பெருமை பேசத்தான் இதை எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் நல்லது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து என் கைக்கு மெதுவாகத்தான் வரும். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடும். போகட்டும். லண்டனில் எல்லாரும் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டில் ஒருத்தி ஆறுதலாக இருந்தால் ஒன்றும் குறைந்து போகாது.

இந்த ஆவணியோடு நாங்கள் ஜேர்மனியை விட்டு இங்கே வந்து பதின்மூன்று வருஷம். மகள் றஞ்சி, மருமகன், பேத்தி ஜெனிற்றா, நான். வந்த நாளை மருமகன் மறக்க மாட்டார். ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு டூட்டிங்கில் கொத்துரொட்டி வாங்கி வருவார். இந்த முறையும் வாங்கி வந்தார். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ஊரிலிருந்து ஒருவர் போன் எடுத்தார். பெயர் எழுதவில்லை, அவருக்கே தெரியும். சுகம் விசாரித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"உங்கட பேத்தியை அமெரிக்காக்காரர் ஏலத்தில எடுக்கினமாம், உண்மையோ?"

"ஓம், உண்மைதான். நீங்களும் ஒரு விலை சொல்லுங்கோவன்" என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டார். அடுத்த நாள் காலையில் இதை எழுதக் கொப்பியை எடுத்தேன்.

2

ஏலம் ஒன்றும் இல்லை. நடந்தது இதுதான்.

ஜெனிற்றா ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. சின்ன வயதில் அந்த உயரத்தை வைத்துத் தாய் அழுதிருக்கிறாள், மாப்பிள்ளை எங்கே தேடுவது என்று. மோர்டனில் பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருவ அதே உயரத்தைக் கண்டுவிட்டுச் சிரித்திருக்கிறா. கூடைப்பந்து என்று ஒன்று. நீங்கள் கன்னியர்மடப் பள்ளிக்கூடத்தில் கண்ட வலைப்பந்து அல்ல. இதில் பந்தைத் தரையில் தட்டித் தட்டி ஓட வேண்டும், இடிக்கிறவர்களுக்கு இடையால் நுழைய வேண்டும். பதினெட்டு வயதில் இந்த விளையாட்டுக்காகவே அமெரிக்காவில் ஒரு கொலிஜ் அவளைக் கூப்பிட்டுப் படிப்பும் சாப்பாடும் இருப்பிடமும் கொடுத்தது. அப்போது ஊரில் ஒருவரும் போன் எடுத்து ஏலமா என்று கேட்கவில்லை. ஸ்கொலஷிப் என்றால் எல்லாருக்கும் மரியாதையாக விளங்கும்.

அங்கே ஒரு சட்டம். ஒரு பிள்ளை கொலிஜுக்காக நாலு வருஷம் ஆடலாம். அந்த நாலையும் ஐந்து வருஷத்துக்குள் ஆடி முடிக்க வேண்டும். ஜெனிற்றாவுக்கு இரண்டாம் வருஷம் முழங்கால் சவ்வு அறுந்தது. ஒப்பரேஷன் செய்தார்கள். அந்த வருஷம் முழுக்க அவள் ஆடவில்லை. ஆகவே படிப்பு முடிந்து பட்டம் கையில் வந்தபோது ஆட்டத்தில் ஒரு வருஷம் மிச்சம் இருந்தது.

அந்த மிச்சத்தை அதே கொலிஜில் ஆடலாம்தான். ஆனால் கால் சுகமாகி வந்த பிள்ளையை அங்கே இருந்த பயிற்சியாளர் ஆட்டத்துக்கு வெளியே வாங்குப் பலகையின் கடைசியில் இருத்திவிட்டார். அவள் ஆடியதைவிடக் குந்தியிருந்ததுதான் கூட. "அம்மம்மா, நான் வேர்வை துடைக்கத் துவாய் குடுக்கிற ஆள் மாதிரி" என்று போனில் ஒருநாள் சொன்னாள். வேறு கொலிஜுக்கு மாறினால் ஒரு வருஷம் சும்மா இருந்துவிட்டுத்தான் ஆடலாமாம். அவளிடம் இருந்ததே ஒரு வருஷம். ஆனால் பட்டம் முடித்த பிள்ளை, பழைய கொலிஜில் இல்லாத மேற்படிப்பு ஒன்றை இன்னொரு கொலிஜில் படிக்கப் போனால், விசேஷமாக அனுமதி கேட்டு உடனே ஆடலாம். அவள் கேட்டது பொதுச் சுகாதாரம் என்ற படிப்பு. அது பழைய இடத்தில் இல்லை. இப்படிப் பட்டம் முடித்து ஒரு வருஷம் மிச்சம் வைத்திருக்கிற பிள்ளைகளைத் தேடித்தான் பயிற்சியாளர்கள் திரிகிறார்கள். வளர்ந்த பிள்ளை, புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, வந்த அன்றே ஆடும். இதுதான் உங்கள் ஏலம்.

அதற்கும் முதலில் பழைய கொலிஜ் 'ரிலீஸ்' தர வேண்டும். அது வராமல் மற்றக் கொலிஜ்காரர் அவளோடு ஒரு வார்த்தை கதைக்கக் கூடாது. அந்தச் சொல்லை நான் ஊரில் கேட்டதெல்லாம் ஆமி பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளின் கதையில்தான். பழைய பயிற்சியாளர் வைகாசி முழுக்க இழுத்தார். கடைசியில் தந்தார், ஒரு நிபந்தனையோடு. எங்கேயும் போகலாம், தங்களோடு ஒவ்வொரு வருஷமும் மோதுகிற கொலிஜ்களுக்கு மட்டும் போகக் கூடாதாம். காணியை யாருக்கும் விற்கலாம், பக்கத்து வேலிக்காரனுக்கு மட்டும் விற்காதே என்று எங்கள் ஆட்கள் சொல்வதில்லையா? கோட்டுச் சூட்டுப் போட்டாலும் மனிதருக்கு வேலிதான் வேலி.

3

சண்டை முடிந்த அந்த வைகாசியைப் பற்றி உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை.

ஜெனிற்றா பட்டம் முடித்து வந்தது அந்த மாதத்தில்தான். ஒருவரும் விமான நிலையத்துக்குப் போகவில்லை. தானே பெட்டியை இழுத்துக்கொண்டு நோர்தேன் லைன் றெயினில் மோர்டனில் வந்து இறங்கினாள். வீட்டில் ரீவி ஓடிக்கொண்டிருந்தது. றஞ்சி அதற்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். சித்திரை முழுக்க இங்கத்தையப் பாராளுமன்றத்துக்கு முன்னால், சண்டையை நிறுத்தச் சொல்லித் தெருவில் கத்திக் கத்தி அவளுடைய குரல் போயிருந்தது. நான் வளர்த்த ஏழில் கடைசி செல்வம், தங்கச்சியின் பிள்ளை. வன்னியில் இருந்தான். மாசியில் ஒருமுறை போன் எடுத்தான். பிறகு இல்லை. றஞ்சிக்கு அவன் ஒன்றுவிட்ட தம்பி அல்ல, ஒரே பாயில் படுத்த தம்பி.

வந்த பிள்ளை பட்டத்தை மேசையில் வைத்துவிட்டுத் தாய்க்குப் பக்கத்தில் தானும் நிலத்தில் இருந்தாள். ஒருவரும் படம் எடுக்கவில்லை.

ரிலீஸ் வந்ததும் அமெரிக்கப் பயிற்சியாளர்களால் வீட்டுப் போன் அடிக்கத் தொடங்கியது. பகலில் வீட்டில் நிற்பது நான். என் இங்கிலிஷ் கவுன்சில்காரருக்கும் டொக்டருக்கும் போதும். இவர்களுக்கும் போதுமாகத்தான் இருந்தது. "ஷீ பாத்திங்" என்றால் ஒருவர் சிரித்தார். "ஷீ சேர்ச்" என்றால் இன்னொருவர் தானும் செபிப்பதாகச் சொன்னார். ஒருவர் கம்பியூட்டரில் பார்த்து "வணக்கம்" என்றார். எங்கள் ஆட்களில் மேடையில் ஏறுகிறவர்கள்தான் வணக்கம் சொல்வார்கள் என்று அவருக்கு யார் சொல்வது?

வாக்குறுதிகளுக்குக் குறைவில்லை. முதல் ஐந்து பேரில் நீதான் என்று ஒருவர். அவளுடைய பழைய சட்டை இலக்கத்தையே தருவேன் என்று இன்னொருவர்.

"அம்மம்மா, அந்த நம்பரை இப்ப வேற ஒரு கேர்ள் போடுறா" என்றாள் ஜெனிற்றா. "அவவுக்கு என்ன நடக்கும் எண்டு கேட்டன். அவர் அதுக்குச் சிரிச்சார்."

"பேந்து?"

"பேந்து என்ன. நானும் சிரிச்சுப்போட்டு வைச்சிட்டன்."

ஒருவ மட்டும் வாக்குறுதி ஒன்றும் தரவில்லை. டானா என்று பெயர், ஒரு சின்ன நகரத்துக் கொலிஜின் பயிற்சியாளர். போன வருஷம் தோற்றோம், உயரமான பிள்ளைகள் இரண்டு பேர் போய்விட்டார்கள், எனக்கு ஒருத்தி வேணும் என்றாவாம். ஐரோப்பாவில் வேறு பிள்ளைகளைப் பார்க்க வருகிறேன், லண்டனில் இறங்கி உன் அம்மாவைக் காண வேண்டும் என்றும் கேட்டா. முன்பு ஒரு பிள்ளை வீட்டாருக்கு விருப்பமில்லாமல் வந்து, பாதி வருஷத்தில் அழுதுகொண்டு திரும்பிப் போனதாம். ஒரு வருஷத்துக்கு மட்டும் வருகிற பிள்ளையின் மனம் வீட்டில் கிடந்தால் சரிவராது, தாய் ஓம் என்றால்தான் எடுப்பேன் என்றா.

ஜெனிற்றாவுக்கு இருபத்திரண்டு வயது. சட்டப்படி யாரையும் கேட்கத் தேவையில்லை. ஆனாலும் அன்றைக்கு இரவு முழுக்கத் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே திரிந்தாள். தாய் ரீவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

4

றஞ்சிக்குப் பிள்ளையை அனுப்ப விருப்பமில்லை. அதை ஒளிக்கவும் இல்லை. "வரட்டும், வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்றாள். ஆனால் ஆள் வருகிற அன்று விடிய எழும்பி வீட்டைக் கழுவினாள். திரைச்சீலை மாற்றினாள். றோல்ஸ், பற்றிஸ், வடை என்று ஒரு கலியாண வீட்டுக்குக் காணும் பலகாரம் செய்தாள். பிறகு மாடிப்படிக்குக் கீழே இருந்த ஜெனிற்றாவின் பழைய ஊன்றுகோல்களைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

"உதை எங்கை கொண்டு போறாய்?" என்று கேட்டேன்.

"ஷெட்டுக்கை."

"ஏன்?"

"வாறவைக்கு முன்னால நிண்டா வடிவே?"

ஹோலில் ஜெனிற்றா ஊன்றுகோலோடு தன் அணியின் நடுவில் நிற்கிற படம் ஒன்று மாட்டியிருந்தது. அதையும் கழற்றினாள். சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம் தெரிந்தது. அதில் மாதா படத்தைக் கொண்டுவந்து மாட்டினாள். ஜெனிற்றாவின் ஓட்டக் காற்சட்டையை மாற்றிக் கோவிலுக்குப் போடுகிற கவுண் போடச் சொன்னாள். பிள்ளை முறைத்தாள், ஆனால் நீளக் காற்சட்டை ஒன்று போட்டுக்கொண்டு வந்தாள்.

டானா வாசலில் தலையைக் குனிந்து உள்ளே வந்தா. எங்கள் செருப்புகளைக் கண்டுவிட்டுத் தானும் சப்பாத்தைக் கழற்றினா. காலுறையில் பெருவிரல் பக்கம் ஓட்டை. அதைக் கண்டதும் எனக்கு அவவைப் பிடித்துவிட்டது. றோல்ஸ் ஒன்று சாப்பிட்டா, கண்ணில் தண்ணி வந்தது, இன்னொன்று எடுத்தா. பிறகு கேட்டா, முழங்கால் இப்போது எப்படி என்று.

றஞ்சி முந்திக்கொண்டாள். "நோ, நோ. நத்திங். நோ ஒப்பரேஷன். வெரி ஹெல்தி கேர்ள்." பிறகு தமிழில், "சின்னனிலயிருந்து ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லை எண்டு சொல்லு பிள்ளை."

ஜெனிற்றா சொல்லவில்லை.

டானா றோல்ஸைத் தட்டில் வைத்தா. கோபப்படவில்லை. மெதுவாக ஏதோ சொன்னா. ஜெனிற்றா தாயின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அவவிட்டை ஹொஸ்பிற்றல் பேப்பர் எல்லாம் இருக்கு. ஒப்பரேஷன் இல்லையெண்டா எனக்கு வருஷமும் இல்லை. உங்களுக்கு விளங்குதே? அந்த வெட்டு இருக்கிறபடியாத்தான் எனக்கு அந்த வருஷம் இருக்கு. நீங்க ஒளிச்சா, வேற என்னத்தை ஒளிக்கிறம் எண்டு அவ நினைப்பா."

றஞ்சி எழும்பிக் குசினிக்குள் போனாள். நானும் பின்னால் போனேன். தண்ணிக் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள், கழுவ ஒன்றும் இல்லை.

"பொம்பிளைப் பிள்ளையில ஒரு குறை எண்டு பிறத்தி ஆளுக்கு முன்னால ஆரும் சொல்லுவினமே அம்மா?"

"அவ பொம்பிளை பாக்க வரேல்லை."

"எனக்குத் தெரியும். அவ வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுப் போனா நல்லம் எண்டுதான் நானும் இருந்தனான். பிறகு ஏன் மறைச்சனான் எண்டு எனக்கே விளங்கேல்லை."

குழாயை மூடினேன். அவள் சொன்னாள்:

"செல்வம் மாசியில எடுத்தவன். 'அக்கா, பிறகு எடுக்கிறன்' எண்டான். இனி ஒருத்தரும் என்ர கண்ணுக்கு மறைவாப் போக என்னால பாக்கேலாது. இந்த வீட்டுக்குள்ள இருக்கிறது இருக்கட்டும்."

"செல்வத்தை நாங்கள் அனுப்பேல்லை. அவன் நிண்ட இடத்துக்குச் செல்லும் குண்டும் வந்தது. இவள் போறது விளையாட. ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழைக்காதை. நானும்தான் அவனை வளர்த்தனான். எனக்கும் நெஞ்சு இருக்கு."

"உங்களுக்குக் கல்லு நெஞ்சு."

"ஓம். அதாலதான் நீங்கள் ஏழு பேரும் வளர்ந்தீங்கள்."

ஊரில் இருக்கிற நீங்கள் இதை வாசித்துவிட்டுக் கிழவிக்கு இரக்கமில்லை என்பீர்கள். சொல்லுங்கள். பிள்ளைகளைக் கதவுக்குள் வைத்துக் காப்பாற்றலாம் என்று எனக்கு யாராவது காட்டியிருந்தால் நானும் கதவைச் சாத்தியிருப்பேன்.

றஞ்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். கதிரையில் இருக்கவில்லை. ஜெனிற்றாவுக்கு முன்னால் நிலத்தில் இருந்து, அவளுடைய காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டினாள். தையல் தழும்பை விரலால் தொட்டுக் காட்டினாள். ஒப்பரேஷன் நேரம் தான் அமெரிக்காவுக்குப் போனதையும், பிள்ளையின் கட்டிலுக்குக் கீழே துவாய் விரித்துப் படுத்ததையும், குளிக்க வார்த்ததையும், முதல் அடி வைத்தபோது பிள்ளை தன் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் தமிழும் ஜேர்மனும் இங்கிலிஷும் கலந்து சொன்னாள். ஜெனிற்றா மொழிபெயர்த்தாள். இடையில் நிறுத்திவிட்டாள். றஞ்சி அவள் தொடரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாகக் கேட்டாள்: "திரும்ப உடைஞ்சா, அந்த அறையில ஆர் நிப்பினம் எண்டு கேள்."

டானா யோசித்தா. நான் நிற்பேன் என்றால் அது பொய், ஆட்டம் முடியாமல் நான் வெளியே போக ஏலாது என்றா. ஆனால் அம்புலன்ஸின் கதவு சாத்த முதல் உங்களுக்குப் போன் வரும், எங்கள் ஆள் ஒருவர் உள்ளே ஏறுவார், பேரைச் சொல்லட்டா என்றா. பேரும் சொன்னா.

றஞ்சி காற்சட்டையை இறக்கிவிட்டாள். "யோசிச்சுச் சொல்லுறம்" என்றாள்.

எங்கள் ஆட்கள் எந்த நல்ல காரியத்துக்கும் வந்த இடத்தில் வைத்து ஓம் சொல்வதில்லை. டானாவுக்கு அது எப்படித் தெரியும்? அவ அதை இல்லை என்றே எடுத்துக்கொண்டா. ஆனி மாத முடிவு வரைக்கும் இடத்தை வைத்திருப்பேன், அதற்குப் பிறகு வேறு பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, றஞ்சி சுற்றிக் கொடுத்த றோல்ஸோடு போனா.

5

மாதம் முடிய ஒரு ஞாயிறு இருந்தது. வன்னியில் செத்தவர்களுக்காகப் பூசை வைத்தார்கள். ஜெனிற்றா வரவில்லை. எல்லாரும் அவளையே பார்க்கிறார்கள் என்று வீட்டில் நின்றுவிட்டாள். பூசை முடிந்து மாதா கோவில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது வடக்கு லண்டன் எட்மண்டனிலிருந்து வந்திருந்த என் மச்சாள் திரேசம்மா எங்களைக் கண்டா. என் தமையனின் மனைவி. நல்ல மனுசி, ஆனால் அவவுக்குச் சபை நிறைந்தால்தான் கதை வரும்.

"என்ன மச்சாள், உம்மட பேத்திக்கு அமெரிக்காவிலயிருந்து பொம்பிளை பாக்க வந்தவையாம்?"

"ஓம். சீதனம் வேண்டாமாம். ஆறடி இருந்தாக் காணுமாம்" என்றேன்.

ஓரிரண்டு பேர் சிரித்தார்கள். திரேசம்மா சிரிக்கவில்லை.

"பகிடி விடாதையும். சனம் இவ்வளவும் செத்துக் கிடக்கேக்கை ஒரு குமர்ப்பிள்ளை பந்துக்குப் பின்னால ஓடுறது வடிவே? அதுவும் ஒரேயொரு வருஷத்துக்கு. உங்கட செல்வத்துக்கு என்ன நடந்ததெண்டே இன்னும் தெரியாது."

பதில் என் வாய்க்கு வர முதல் றஞ்சி எழும்பிவிட்டாள். மாமிக்கு முன்னால் குரல் உயர்த்தி நான் அவளைக் கண்டதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை. அவளுடைய குரல் இன்னும் கரகரத்துத்தான் இருந்தது. அதனால் மண்டபம் அமைதியாகிக் கேட்டது.

"மாமி, செல்வத்தின்ர பேரை நீங்கள் சொல்ல வேண்டாம். நான் அவனுக்காகத் தெருவில கிடந்தனான். நீங்கள் ஒருநாள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனீங்கள். என்ர பிள்ளை வீட்டுக்குள்ள குந்தியிருந்தா ஆர் மாமி எழும்பி வரப்போகினம்? சொல்லுங்கோ, இருத்தி வைக்கிறன்."

திரேசம்மா தன் கைப்பையைத் திறந்து மூடினா.

"அவள் போறாள். ஆவணியில போறாள். ஒரு வருஷம் எண்டாலும் அது அவளின்ர வருஷம். காலை வெட்டித் தைச்சு எடுத்த வருஷம். ஆருக்கும் குடுக்கேலாது."

இவ்வளவு பேருக்கு முன்னால் சொல்லும்வரை அவள் முடிவெடுத்திருக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. சொல்லி முடித்ததும் கதிரையை இழுத்து அதில் இருந்தாள். நான் என் தேத்தண்ணியை அவளிடம் கொடுத்தேன். அதைக் குடித்தாள். பஸ்ஸில் வீடு வந்தோம். வீட்டுக் கதவைத் திறந்ததும், சப்பாத்துக் கழற்ற முதலே, உள்ளே பார்த்துச் சொன்னாள்:

"பிள்ளை, அந்தக் கோச்சுக்குப் போன் எடு. ஓம் எண்டு சொல்லு. றோல்ஸ் பழுதாகாமப் போய்ச் சேர்ந்ததோ எண்டும் கேள்."

பிறகு விசா என்றும், அனுமதிக் கடிதம் என்றும் ஆடி முழுக்க அலைந்தார்கள். தூதரகத்தில் ஒருவர், பட்டம் முடித்த பிள்ளைக்கு இன்னும் என்ன விளையாட்டு என்று கேட்டாராம். அவரும் எங்கள் ஆள் போலத்தான். கடைசியில் எல்லாம் வந்தது. நாளை மறுநாள் பயணம்.

செல்வத்தைப் பற்றி இன்றுவரை செய்தி இல்லை. போன் அடித்தால் இப்போதும் நாங்கள் எல்லாரும் ஓடுகிறோம். அது வேறு. அதற்காக இவள் போகாமல் இருக்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். அவள் தோற்றாலும் சரி, அங்கேயும் வாங்கில் இருத்தினாலும் சரி, அதையும் அவளே போய்க் கண்டுகொண்டு வரட்டும்.

ஜெனிற்றாவுக்குத் தாய் ஓம் சொன்னது மட்டும்தான் தெரியும். குசினிக்குள்ளும் மண்டபத்திலும் நான் கேட்டதை அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. றஞ்சி சாகும்வரை சொல்ல மாட்டாள். இப்போது பிள்ளை மேலே உடுப்பு மடிக்கிறாள். தமிழ் வாசிப்பாள், விரல் வைத்து, எழுத்தெழுத்தாக. நான் எழுதுகிற வேகமும் அவள் வாசிக்கிற வேகமும் ஒன்றுதான். கூப்பிடப் போகிறேன்.

ஜெனிற்றா, உடுப்பு மடிச்சது காணும், கீழ வா பிள்ளை. இஞ்சை, எனக்குப் பக்கத்தில இரு. இந்தக் கொப்பியை முதல்ல இருந்து எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு. விளங்காத சொல்லைத் தாண்டிப் போகாதை, கேள். உரத்து வாசி. அம்மா குசினிக்கைதான் நிக்கிறா.